ஆப்லெட் கூப்பிடுகிறது, சர்வர் பதில் தரவில்லை: எங்கே தேடுவது?

ஒரு சரக்குக் கிடங்கின் மென்பொருளைப் பல வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். திரைகள் எல்லாம் ஜாவா ஆப்லெட், அதாவது பிரவுசருக்குள் ஓடும் சிறு ஜாவா நிரல். பின்னால் ஒரு அப்ளிகேஷன் சர்வர். நடுவில் ஆர்எம்ஐ அழைப்புகள்: ஒரு கணினியின் ஜாவா நிரல் இன்னொரு கணினியில் உள்ள மெத்தடை அழைக்கும் முறை. இன்றைக்குப் புதிதாக யாரும் இப்படிக் கட்ட மாட்டார்கள். குரோம் 2015-இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2017-இலும் ஜாவா பிளக்-இன்னுக்கான ஆதரவை எடுத்துவிட்டன. 2018-இல் வந்த ஜாவா 11-இல் பிளக்-இன்னே கிடையாது. ஆனாலும் கிடங்குகளில், ஆலைகளின் கட்டுப்பாட்டு அறைகளில், பழைய நெட்வொர்க் கருவிகளின் நிர்வாகத் திரைகளில் ஆப்லெட் இன்னும் ஓடுகிறது. பெரும்பாலும் ஜாவா 8, எட்ஜ் பிரவுசரின் ஐஇ மோடு. வாசலில் லாரி நிற்கும்போது திரை உறைந்தால் அங்கே வேலை பார்க்கிறவர் யாரிடம் போவார்? உங்களிடம்தான். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் நன்றாகப் பதிய வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரிமோட் அழைப்பில் இருப்பது ஒரு இணைப்பு அல்ல, இரண்டு. முதல் இணைப்பு பெயர் தேடுவதற்கு: ஆப்லெட் ரெஜிஸ்ட்ரி, ஜேஎன்டிஐ என்ற பெயர் தேடும் சேவைகளில் ஒன்றுக்குப் போய் "ஸ்டாக் சர்வீஸ் எங்கே?" என்று கேட்கும். பதிலாக ஒரு ஸ்டப் வரும்; அது சர்வரில் உள்ள பொருளுக்கு ஆப்லெட்டின் பக்கம் நிற்கும் பிரதிநிதி. அந்த ஸ்டப்புக்குள் வேறொரு ஐபி விலாசமும் வேறொரு போர்ட்டும் எழுதியிருக்கும். நீங்கள் மெத்தடை அழைக்கும்போது இரண்டாவது இணைப்பு அந்த விலாசத்துக்குத்தான் போகும். முதல் விலாசத்தை எழுதுவது நீங்கள். இரண்டாவதை எழுதுவது சர்வர். ஊர் எல்லையில் வழி கேட்டுவிட்டு, சொன்னவர் காட்டிய தெருவுக்குப் போவது மாதிரி. அவர் தப்பான தெருவைச் சொல்லியிருந்தால் எல்லையிலேயே நின்று எவ்வளவு நேரம் தேடினாலும் வீடு கிடைக்காது.

நான் பார்த்த பழுதுகளில் பெரும்பகுதி இந்த இரண்டாவது விலாசத்தில்தான் இருந்தது. ஆனால் தேடுகிறவர்கள் முதல் விலாசத்தையே திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டிருப்பார்கள். "1099-க்கு டெல்நெட் போகுது சார், நெட்வொர்க் நல்லா இருக்கு" என்பார்கள் (1099 ரெஜிஸ்ட்ரியின் வழக்கமான போர்ட்). அது பாதி உண்மைதான்.

கன்சோலைத் திறக்காமல் எதையும் மாற்றாதீர்கள்

ஆப்லெட் திரையில் தெரியும் "சர்வருடன் தொடர்புகொள்ள முடியவில்லை" என்ற செய்தியால் எந்தப் பயனும் இல்லை. உண்மையான எக்ஸெப்ஷனை நிரல் எங்கோ விழுங்கியிருக்கும். விண்டோஸ் கன்ட்ரோல் பேனலில் ஜாவா என்பதைத் திறந்து, அட்வான்ஸ்டு பக்கத்தில் "ஷோ கன்சோல்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே டிரேஸிங், லாகிங் இரண்டையும் இயக்கிவிடுங்கள். பிரவுசரை முழுதாக மூடித் திறந்து ஆப்லெட்டை ஏற்றினால் கன்சோல் ஜன்னல் தானாக வரும். அதைக் கிளிக் செய்து 5 என்ற எண்ணை அழுத்துங்கள். டிரேஸ் அளவு உச்சத்துக்குப் போகும். எந்த ஜார் கோப்பு (நிரலின் தொகுப்பு) எங்கிருந்து வந்தது, கேஷிலிருந்தா சர்வரிலிருந்தா, நடுவில் எந்தப் புராக்ஸி என்று எல்லாம் கொட்டும். எஸ் விசையை அழுத்தினால் சிஸ்டம் ப்ராபர்ட்டிகள் தெரியும். ஓடுவது எந்த ஜாவா பதிப்பு என்பதை அதில் முதலில் பாருங்கள். பயனர் சொல்வதை நம்ப வேண்டாம். ஒரே கணினியில் மூன்று ஜாவா இருப்பது சாதாரணம்.

எக்ஸெப்ஷனே இல்லை, திரை மட்டும் உறைந்து நிற்கிறது என்றால் வி விசை. ஒவ்வொரு த்ரெட்டும் (நிரலின் தனி ஓட்டமும்) எந்த வரியில் நிற்கிறது என்று காட்டும். திரையை இயக்கும் ஏடபிள்யூடி ஈவென்ட் க்யூ என்ற த்ரெட்டைத் தேடுங்கள். அதன் உச்சியில் சாக்கெட் கனெக்ட் என்று இருந்தால் இணைப்பே இன்னும் கிடைக்கவில்லை. சாக்கெட் ரீட் என்று இருந்தால் அழைப்பு போய்ச் சேர்ந்துவிட்டது, சர்வர்தான் பதில் தரவில்லை. பெரும்பாலும் அங்கே ஒரு டேட்டாபேஸ் லாக்குக்காகக் காத்திருக்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் நெட்வொர்க் குழுவைக் கூப்பிடுவதா, டேட்டாபேஸ் குழுவைக் கூப்பிடுவதா என்பது உடனே முடிவாகிவிடும். ரிமோட் அழைப்பை ஈவென்ட் த்ரெட்டிலேயே செய்வது தவறான கட்டமைப்பு. நேரம் கிடைக்கும்போது, பின்னணியில் வேலை செய்யும் ஸ்விங் வொர்க்கருக்கு மாற்றுங்கள். ஆனால் அது இன்றைய பழுதுக்கு மருந்து ஆகாது.

எக்ஸெப்ஷன் கிடைத்ததா? கீழிருந்து மேலாகப் படியுங்கள். மேலே "ரிமோட் எக்ஸெப்ஷன்" என்று பொதுவாக இருக்கும். கடைசி "காஸ்டு பை" அல்லது "நெஸ்டட் எக்ஸெப்ஷன்" வரிதான் விஷயம் சொல்லும். அதோடு, எக்ஸெப்ஷன் லுக்கப் வரியில் விழுந்ததா, மெத்தட் அழைப்பில் விழுந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் இணைப்பா இரண்டாவதா என்ற கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

நான்கு செய்திகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்றால் அந்த விலாசத்தில் இயந்திரம் இருக்கிறது, அந்தப் போர்ட்டில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. "கனெக்‌ஷன் டைம்ட் அவுட்" என்றால் பாக்கெட் வழியில் தொலைகிறது. ஃபயர்வாலோ தவறான ஐபி-யோ காரணம். "அன்னோன் ஹோஸ்ட்" என்றால் சர்வர் தன் உள்பெயரை ஸ்டப்பில் எழுதி அனுப்பியிருக்கிறது, கிளையன்ட் கணினிக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. "ஆக்ஸஸ் டினைடு" என்று சாக்கெட் பெர்மிஷனைக் குறிப்பிட்டு வந்தால் பாக்கெட் கணினியைவிட்டே போகவில்லை. பிரவுசருக்குள் ஆப்லெட்டை அடைத்து வைக்கும் சேண்ட்பாக்ஸ் என்ற பாதுகாப்பு வேலி தடுத்துவிட்டது.

இரண்டாவது விலாசத்தைக் கண்ணால் பார்ப்பது

இதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். லுக்கப் முடிந்ததும் கிடைத்த ஸ்டப்பை அப்படியே கன்சோலில் அச்சிடும் ஒரு வரியைச் சேருங்கள். "எண்ட்பாயின்ட்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஐபி-யும் போர்ட்டும் இருக்கும். ஆப்லெட்டை மாற்ற அனுமதி இல்லையென்றால், அதே ரிமோட் இன்டர்ஃபேஸை வைத்து ஐந்து வரியில் ஒரு கட்டளைவரி நிரல் எழுதி, பிரச்சினை வந்த கணினியிலேயே ஓட்டுங்கள். அந்த நிரல் ஓடி ஆப்லெட் மட்டும் விழுந்தால், கோளாறு பாதுகாப்பு அமைப்பிலோ கேஷிலோ இருக்கிறது, நெட்வொர்க்கில் இல்லை.

நாங்கள் சர்வரைப் புது வர்ச்சுவல் மெஷினுக்கு மாற்றியபோது நடந்ததைச் சொல்கிறேன். சர்வர் அறையில் சோதித்தபோது எல்லாத் திரையும் வேலை செய்தது. கிடங்கில் ஒரு திரைகூட வேலை செய்யவில்லை. கன்சோலில் "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு டு ஹோஸ்ட்: 127.0.1.1" என்று வந்தது. அந்த விலாசத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்தது. டெபியன், உபுண்டு வகை லினக்ஸ் நிறுவும்போது ஹோஸ்ட்ஸ் கோப்பில் இயந்திரத்தின் பெயருக்கு 127.0.1.1 என்று எழுதி வைக்கும். ஜாவா "என் விலாசம் என்ன?" என்று கேட்கும்போது அந்தப் பதில்தான் கிடைக்கும், அதையே ஸ்டப்பில் எழுதி அனுப்பிவிடும். ஸ்டப்பை வாங்கிய கிடங்குக் கணினி தன்னையே அழைத்துக்கொள்ளும், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். சர்வர் அறையில் சோதித்தது சர்வரிலேயே என்பதால் அங்கு மட்டும் ஓடியது.

சரிசெய்ய இரண்டு இடங்கள் உண்டு. ஹோஸ்ட்ஸ் கோப்பில் இயந்திரத்தின் பெயருக்கு நேராக அதன் உண்மையான ஐபி-யை எழுதுங்கள். அப்புறம் சர்வரின் ஜாவா தொடக்கக் கட்டளையில் "ஜாவா.ஆர்எம்ஐ.சர்வர்.ஹோஸ்ட்நேம்" என்ற ப்ராபர்ட்டியில் கிளையன்ட்டுகள் அடையக்கூடிய பெயரைக் கொடுங்கள். ஐபி-யைவிடப் பெயர் நல்லது. அலுவலகத்திலிருந்து வருகிறவருக்கும் விபிஎன் வழியாக வருகிறவருக்கும் சர்வரின் ஐபி வேறாக இருந்தாலும், டிஎன்எஸ் அவரவருக்கு உரிய ஐபி-யைத் தர முடியும். இந்தப் ப்ராபர்ட்டியைச் சர்வரில்தான் வைக்க வேண்டும். கிளையன்ட்டில் வைத்துவிட்டு "மாறவில்லையே" என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். கிளையன்ட்டில் வைத்தால், கிளையன்ட் தானே வெளியிடும் பொருள்களுக்கு மட்டும்தான் அது பொருந்தும்.

அடுத்து போர்ட். ரெஜிஸ்ட்ரி 1099-இல் இருக்கும், அதை எல்லோரும் ஃபயர்வாலில் திறந்துவிடுவார்கள். ஆனால் ரிமோட் பொருளை வெளியிடும்போது போர்ட் எண் கொடுக்காவிட்டால் ஏதாவது ஒரு காலிப் போர்ட்டில் போய் உட்காரும். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் அது மாறும். லுக்கப் உடனே வேலை செய்து, முதல் மெத்தடில் நீண்ட நேரம் நின்று, பிறகு டைம் அவுட் ஆனால் காரணம் இதுதான். எக்ஸ்போர்ட் செய்யும் இடத்தில் நிலையான போர்ட் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். ரெஜிஸ்ட்ரியையும் அதே ஜாவா ப்ராசஸுக்குள் உருவாக்கினால் இரண்டுக்கும் 1099-ஐயே பயன்படுத்தலாம். ஃபயர்வாலில் ஒரே ஓட்டை போதும்.

அப்ளிகேஷன் சர்வர் என்றால் இதே கதை வேறு எண்களில். ஜேபாஸ் 4 வரிசையில் பெயர் தேட 1099, அதன் ஆர்எம்ஐ போர்ட் 1098, அழைப்புக்கு 4444 அல்லது 4446. முதலாவதை மட்டும் திறந்தால் போதாது. 4.2 முதல் அது இயல்பாக 127.0.0.1-இல் மட்டும் கேட்கும். தொடங்கும்போது பி என்ற விருப்பத்தில் உண்மையான விலாசத்தைக் கொடுக்க வேண்டும். கிளாஸ்ஃபிஷில் ரிமோட் அழைப்புக்கான ஐஐஓபி நெறிமுறைக்கு 3700. வெப்லாஜிக் 7001 என்ற ஒரே போர்ட்டில் டி3 நெறிமுறையில் எல்லாவற்றையும் முடித்துவிடும், அந்த வகையில் நிம்மதி. ஆனால் நடுவில் விலாசம் மாற்றும் ஃபயர்வால் இருந்தால் அங்கும் இரண்டாவது விலாசப் பிரச்சினை வரும். சர்வர் அமைப்பில் எக்ஸ்டர்னல் டிஎன்எஸ் நேம் என்ற இடத்தை நிரப்ப வேண்டும். "நோ அவெய்லபிள் ரௌட்டர் டு டெஸ்டினேஷன்" என்ற அதன் செய்தியைப் பார்த்து ரௌட்டரைக் கழற்றிப் போடாதீர்கள். டி3 வழியில் அந்த விலாசத்தை அடைய முடியவில்லை என்பதுதான் பொருள்.

ஜேஎன்டிஐ-யில் "நோ இனிஷியல் கான்டெக்ஸ்ட்" வந்தால் அது நெட்வொர்க் பழுது இல்லை. இணைப்பை உருவாக்கும் கிளாஸ் (ஃபேக்டரி) எது, விலாசம் எது என்று நீங்கள் சொல்லவில்லை. ஆப்லெட்டில் சிஸ்டம் ப்ராபர்ட்டியை நம்பாமல், இனிஷியல் கான்டெக்ஸ்டை உருவாக்கும்போதே இரண்டையும் ப்ராபர்ட்டிகளாகக் கையில் கொடுங்கள். ஃபேக்டரி கிளாஸ் இல்லை என்று வந்தால், சர்வருடன் வரும் கிளையன்ட் ஜார் ஆப்லெட்டின் ஆர்க்கைவ் பட்டியலில் விடுபட்டிருக்கும். அந்த ஜார் சர்வரின் பதிப்போடு ஒத்துப்போக வேண்டும்.

சேண்ட்பாக்ஸும் கையொப்பமும்

கையொப்பம் இல்லாத ஆப்லெட், தான் எந்த ஹோஸ்ட்டிலிருந்து இறங்கியதோ அந்த ஹோஸ்ட்டுக்கு மட்டுமே இணைய முடியும். பக்கம் லோட் பேலன்சரின் பெயரில் வந்து, ஸ்டப்பில் பின்னால் இருக்கும் சர்வரின் ஐபி இருந்தால் "ஆக்ஸஸ் டினைடு" உறுதி. இங்கும் குற்றவாளி அந்த இரண்டாவது விலாசமே. முதல் இணைப்புக்கு ஹோஸ்ட்டை நிரலில் எழுதி வைக்காமல், ஆப்லெட் இறங்கிய முகவரியான கோட்பேஸிலிருந்து எடுங்கள். ஸ்டப்பிலும் அதே பெயர் வரும்படி சர்வரை அமையுங்கள். முடியாதபோது கையொப்பமிட்டு முழு அனுமதி கேளுங்கள்.

"நேற்று ஓடியது, ராத்திரி ஜாவா அப்டேட் ஆனது, காலையில் ஓடவில்லை" என்றால் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 2014 ஜனவரியில் வந்த 7 அப்டேட் 51 முதல், ஜாரின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்ட்டில் பெர்மிஷன்ஸ் என்ற வரி இல்லாவிட்டாலும், ஜார் தானே கையொப்பமிட்டதாக இருந்தாலும், இயல்பான பாதுகாப்பு நிலையில் ஆப்லெட் தடுக்கப்படும். 2017 ஏப்ரலில் வந்த 8 அப்டேட் 131 முதல், எம்டி5 முறையில் கையொப்பமிட்ட ஜார் கையொப்பமே இல்லாததாகக் கருதப்படும். உள் நெட்வொர்க்குக்கு எக்ஸெப்ஷன் சைட் லிஸ்ட்டில் பக்கத்தின் முகவரியைச் சேர்த்தால் அன்றைய வேலை ஓடும். நிரந்தரத் தீர்வு, நல்ல சான்றிதழால் டைம்ஸ்டாம்ப்புடன் மறுபடி கையொப்பமிடுவது. டைம்ஸ்டாம்ப் இல்லாவிட்டால் சான்றிதழ் காலாவதியாகும் நாளில் எல்லாக் கணினியும் ஒரே நேரத்தில் நிற்கும்.

இணைப்பு நன்று, பொருள்தான் பொருந்தவில்லை

"இன்வாலிட் கிளாஸ் எக்ஸெப்ஷன்" வந்தால் அதில் இரண்டு நீண்ட எண்கள் இருக்கும். ஒன்று வந்த பொருளின் சீரியல் வெர்ஷன் எண், மற்றது ஆப்லெட்டிடம் உள்ள கிளாஸின் எண். சர்வரில் புது ஜார், பயனரின் கேஷில் பழைய ஜார். ஜாவா கன்ட்ரோல் பேனலில் டெம்பரரி இன்டர்நெட் ஃபைல்ஸை அழித்தால் அந்த ஒரு கணினி சரியாகும். நூறு கணினிக்கு அது வழி அல்ல; ஜாரின் பெயரிலேயே பதிப்பு எண் சேர்த்து, பக்கத்தில் அதைக் குறிப்பிடுங்கள். சீரியல் வெர்ஷன் எண்ணைக் கிளாஸில் நீங்களே எழுதி வைப்பதும் அவசியம். எழுதாவிட்டால் அது தானாகக் கணக்கிடப்படும். கம்பைலர் மாறினாலே எண் மாறலாம்.

இதைவிட ஏமாற்றுவது, "அன்மார்ஷல் எக்ஸெப்ஷன்", உள்ளே "கிளாஸ் நாட் ஃபவுண்ட்", அதற்குள் ஹைபர்நேட் (ஒரு டேட்டாபேஸ் லைப்ரரி) அல்லது டேட்டாபேஸ் டிரைவரின் ஏதோ ஒரு கிளாஸ் பெயர். பார்த்ததும் அந்த ஜாரை ஆப்லெட்டில் சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள். அது எக்ஸெப்ஷன் கிளாஸாக இருந்தால், சர்வரில் வேறொரு உண்மையான பிழை நடந்து, அந்தப் பிழைப் பொருளே கம்பி வழியாக வந்திருக்கிறது. அதைத் திறக்க ஆப்லெட்டிடம் கிளாஸ் இல்லை. சர்வர் லாக்கில் அதே நொடியைத் தேடுங்கள். எங்கள் கிடங்கில் "நெட்வொர்க் பிரச்சினை" என்று பதிவான ஒரு புகார், கடைசியில் டேட்டாபேஸில் ஒரு நெடுவரிசையின் நீளம் போதாததாக முடிந்தது. சர்வரின் எல்லையில் வெளி லைப்ரரிகளின் எக்ஸெப்ஷன்களை உங்கள் சொந்த எக்ஸெப்ஷனாக மாற்றி, செய்தியை மட்டும் அனுப்புங்கள். ஹைபர்நேட்டின் கலெக்‌ஷன்களையும் சாதாரண ஆரே லிஸ்டாக நகலெடுத்த பிறகே அனுப்புங்கள்.

"நோ சச் ஆப்ஜெக்ட் இன் டேபிள்" என்றால் விலாசம் சரி, அங்கே அந்தப் பொருள் இல்லை. சர்வர் ரீஸ்டார்ட் ஆகி, ஆப்லெட் பழைய ஸ்டப்பை வைத்திருக்கலாம். அப்போது ஒருமுறை மறுபடி லுக்கப் செய்து அழைக்கும்படி எழுதினால் போதும். ஆனால் மறுமுயற்சிக்கு முன் யோசியுங்கள்: சரக்கைக் கழிக்கும் மெத்தடை இணைப்பு அறுந்த பிறகு தானாக மறுபடி அழைத்தால் இரண்டு முறை கழிந்துவிடும். இந்த எக்ஸெப்ஷனில் பரவாயில்லை, மெத்தட் ஓடவே இல்லை. அன்மார்ஷல் எக்ஸெப்ஷனில் அப்படிச் சொல்ல முடியாது. மெத்தட் ஓடி முடிந்த பின் பதில் வரும் வழியில் அறுந்திருக்கலாம். சர்வர் ரீஸ்டார்ட் ஆகாமலே "நோ சச் ஆப்ஜெக்ட்" வந்தால், ரிமோட் பொருளைச் சர்வரில் யாரும் பிடித்து வைக்காததால் கார்பேஜ் கலெக்டர் எடுத்துவிட்டது. ஒரு ஸ்டாட்டிக் மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். கிளையன்ட் ஸ்டப்பை இன்னும் வைத்திருப்பதாகச் சர்வர் கொள்ளும் காலத்துக்கு (குத்தகை) இயல்பான அளவு, புதுப்பிக்காவிட்டால், 10 நிமிடம்தான்.

எச்டிடிபி வழியும் கால்பேக்கும்

பழைய ஆர்எம்ஐ, நேரடி இணைப்பு கிடைக்காதபோது எச்டிடிபி-க்குள் ஒளிந்து போக முயலும். ஜாவா 8-இல் அது இயல்பாக நிறுத்தப்பட்டது, 9-இல் நீக்கப்பட்டது. ஜாவா 7-இலிருந்து 8-க்கு மாறியதும் தொலைவுக் கிளைகள் மட்டும் விழுந்தால் இதுதான் காரணம். திரும்ப இயக்கும் ப்ராபர்ட்டி 8-இல் உண்டு, ஆனால் அதில் நாள் கடத்த வேண்டாம். எச்டிடிபி கோரிக்கைகளை வாங்கும் சர்வர் நிரலான ஒரு சர்வ்லெட் வழியாகப் பொருள்களை அனுப்புங்கள், அல்லது உங்கள் சர்வர் தரும் டனலிங்கை (எச்டிடிபி-க்குள் பொதிந்து அனுப்பும் வசதியை) பயன்படுத்துங்கள். வெப்லாஜிக்கில் அதை இயக்கினால்தான் வேலை செய்யும்.

சர்வ்லெட் வழியில் "இன்வாலிட் ஸ்ட்ரீம் ஹெடர்: 3சி68746டி" என்று வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அந்த எண்களை இரண்டிரண்டாக ஆஸ்கி எழுத்தாக மாற்றிப் பாருங்கள்: ஒரு கோண அடைப்பு, பின் எச், டி, எம். ஜாவா பொருளுக்குப் பதில் ஒரு எச்டிஎம்எல் பக்கம் வந்திருக்கிறது. புராக்ஸியின் பிழைப் பக்கம், அல்லது செஷன் முடிந்து லாகின் பக்கம். 48545450 என்று வந்தால் அது எச்டிடிபி என்ற சொல்லேதான். நேரடி ஆர்எம்ஐ அழைப்பில் "நான்-ஜேஆர்எம்பி சர்வர்" என்று வந்தால் (ஜேஆர்எம்பி என்பது ஆர்எம்ஐ பேசும் நெறிமுறை), போர்ட் எண்ணை மாற்றிக் கொடுத்து வேறொரு சேவையின் கதவைத் தட்டுகிறீர்கள்.

சர்வர் ஆப்லெட்டைத் திருப்பி அழைக்கும் கால்பேக்கைப் பற்றி என் கருத்து உறுதியானது: எடுத்துவிடுங்கள். அங்கே ஆப்லெட்டே சர்வராகிறது. ஸ்டப்பில் விலாசம் எழுதுவது பயனரின் கணினி. விலாசம் மாற்றும் ரௌட்டர், விபிஎன், விண்டோஸ் ஃபயர்வால் மூன்றும் எதிரே நிற்கும். சில நொடிக்கு ஒருமுறை ஆப்லெட்டே கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறைக்கு மாற்றிய பிறகு எங்கள் கிடங்கில் இந்த வகைப் புகாரே நின்றுவிட்டது.

போர்ட் திறக்கும்போது ஒரு எச்சரிக்கை. 1099, 7001 போன்றவற்றை இணையத்துக்கு நேராகத் திறக்காதீர்கள். வந்த பொருளைத் திறந்து பார்ப்பதிலேயே ஊடுருவ முடியும் என்பது 2015 நவம்பரில் வெப்லாஜிக், ஜேபாஸ் எல்லாவற்றிலும் காட்டப்பட்டது. விபிஎன்னுக்குள் மட்டும் வையுங்கள். எந்தக் கிளாஸின் பொருள்களைத் திறக்கலாம் என்று கட்டுப்படுத்தும், ஜாவா 8 அப்டேட் 121 முதல் உள்ள சீரியலைசேஷன் ஃபில்டரையும் சர்வரில் அமையுங்கள். இங்கும் ஒரு விளைவு உண்டு: அந்த அப்டேட்டுக்குப் பிறகு "ஃபில்டர் ஸ்டேட்டஸ்: ரிஜெக்டட்" என்ற செய்தி வந்தால், உங்கள் சொந்தக் கிளாஸ்தான் அனுமதிப் பட்டியலில் இல்லை. பட்டியலில் அந்தக் கிளாஸை மட்டும் சேருங்கள். ஃபில்டரையே அணைத்துவிடாதீர்கள்.

சரிசெய்த பிறகு சோதனையைச் சர்வரிலோ உங்கள் மேசையிலோ முடிக்காதீர்கள். பழுது வந்த அதே கணினியில், பிரவுசரை முழுதும் மூடி, டாஸ்க் மேனேஜரில் ஜாவா ப்ராசஸ் எதுவும் மிச்சமில்லை என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள். ஸ்டப்பின் எண்ட்பாயின்ட்டை மறுபடி அச்சிட்டுப் பாருங்கள். சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, போர்ட் எண் மாறாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது முடிந்ததும் டிரேஸிங்கையும் லாகிங்கையும் நிறுத்துங்கள். பயனரின் டிஸ்க்கில் அந்தக் கோப்புகள் வேகமாகக் குவியும்.